வெறுங்கால் போலீஸ்

செல்போன் அலறியது!

ரங்கராஜ் எடுத்தான். மறுமுனையில் மனைவி மாதுரி... கிசுகிசுத்தாள்.

"ரங்கா... பாத்ரூமுக்குள்ள பூட்டிட்டு உக்காந்திருக்கேன்..."

"உன் தலைவலி மாத்திரை வாங்கிட்டேன்மா. கூட்டத்துல கார் நகரவே மாட்டேங்குது. கொஞ்சம் பொறு..."

"மாத்திரையை விடு! பக்கத்து ரூம் தேவபிரசாதம்... தூத்துக்குடி முத்து வியாபாரி... செத்துக் கிடக்கார்! கழுத்துல கத்திக்குத்து!"

"என்னது?!"

"மூணாம் நம்பர் ரூம் வேதாந்த்தான் பண்ணான். முத்துப் பையோட வெளியே வந்ததைப் பார்த்துட்டேன். அவனும் என்னைப் பார்த்துட்டான். இப்போ கதவை உதைக்கிறான் ரங்கா! தாழ்ப்பாள் ஆடுது... தனியா வராதே. போலீஸோட வா!"

லைன் செத்தது.

நூறாம் நம்பரை அழுத்தினான். பீப்... பீப்... மறுபடி அழுத்தினான். பீப்! ஊரில் இருந்த அத்தனை லட்சம் பேரும் ஒரே நேரத்தில் போன் பேசினால் டவர் என்ன செய்யும், பாவம்?

நான்கு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த நான்கு நாள் லீவு.

'கொடைக்கானல் போகலாம்' என்றுதான் மாதுரி சொன்னாள். 'அங்கே கூட்டம். குலசைப் பக்கம் கடற்கரை வீட்டுல ஒரு ரூம் புக் பண்றேன். ஈ, காக்கா இருக்காது' என்று சென்னையில் உட்கார்ந்து பெருமையடித்தவன் இவனேதான். தேதியைப் பார்த்தான். தசராவைப் பார்க்கவில்லை!

மணப்பாட்டுக்குப் போனால் டிராஃபிக். தேரிக்காட்டுச் செம்மண் மேடு பார்க்கப் போனால் ரோடு அடைப்பு. இரண்டு நாளாக அவன் பார்த்த இயற்கைக் காட்சி, முன்னால் நின்ற வேனின் பின்பக்கம் மட்டுமே!

காரை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

தெரு முழுக்கக் காளிகள். ராஜாக்கள். கரடிகள். அனுமார்கள். காதைக் கிழிக்கும் மேளம்.

அதோ... காக்கிச் சட்டை!

"சார்! கொலை சார்! உடனே வாங்க!"

அந்த போலீஸ்காரர் கனிவாகச் சிரித்தார். தட்டை நீட்டினார்.

"அம்மனுக்குக் காணிக்கை போடுங்க அண்ணாச்சி."

"யோவ்... நீங்க போலீஸ்தானே?"

"தசரா வேசம் அண்ணாச்சி, அம்மனுக்கு நேந்து கட்டினது. நாப்பத்தோரு நாள் விரதம். நமக்கு நாசரேத்துல தையல் கடை."

ரங்கராஜ் சுற்றிலும் பார்த்தான். பத்தடி தள்ளி இன்னொரு காக்கி. இன்ஸ்பெக்டர் தொப்பி, முரட்டு மீசை! தாவிப் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினான்.

மீசை கழன்று கீழே விழுந்தது.

"ஏலே, மீச போச்சுலே! என்ன சார் நீங்க..." என்று குனிந்தார் அவர். "நான் கொத்தனாரு சார். பேரு பேச்சிராஜா. இந்தா நிக்கானுவளே அஞ்சு பேரு, நம்ம போலீஸ் செட்டு."

"நெஜ போலீஸ் எங்கேய்யா?" கத்தினான் ரங்கராஜ்.

"கோயில் வாசல்ல நிக்காவ. இந்தக் கூட்டத்துல நீங்க அங்கன போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆவும்."

ஒரு மணி நேரம்! அந்தத் தாழ்ப்பாள் ஐந்து நிமிஷம் தாங்குமா?

ரங்கராஜ் நடுத்தெருவில் தலையில் அடித்துக்கொண்டான். இதென்ன ஊர்! இதென்ன லீவு! உயிர் போகிற நேரத்தில் திரும்பின பக்கமெல்லாம் போலீஸ்... ஒருத்தர்கூட போலீஸ் இல்லை!

சட்டென்று நிமிர்ந்தான்.

வேதாந்தும் வெளியூர்க்காரன்தானே? அவனுக்கு மட்டும் இந்த ஊர் வழக்கம் தெரியுமா என்ன? நான் ஏமாந்தால்... அவனும் ஏமாறுவான்!

மூன்றே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னான். பேச்சிராஜாவின் கண்கள் விரிந்தன.

"ஒரு பொம்பளப்புள்ள உசுரு சார். வாரோம்! ஏலே, மேளத்த நிறுத்துங்கலே!"

"தட்டையெல்லாம் கீழே வெச்சிடுங்க..."

"காணிக்கத் தட்ட தரையில வைக்கக் கூடாது சார். சட்டைக்குள்ள சொருகிக்கிடுதோம்."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பிச்சைக்காரர் எழுந்தார். கந்தல் வேட்டி, உடம்பெல்லாம் கரி, கையில் அலுமினியச் சட்டி.

"நானும் வாரேன்."

"நீ எதுக்குய்யா? காரியமே கெட்டுடும்!"

"வந்துட்டுப் போட்டும் சார்," என்றார் பேச்சிராஜா. "அதும் நேர்த்திக்கடன் வேசந்தான். பேரு மாசானம். காலையிலதான் நம்ம செட்டுல சேந்தாரு."

வாக்குவாதத்துக்கு நேரமில்லை. கடற்கரை மணலில் குறுக்கு வழியாக ஓடினார்கள்.

அறைக்குள் வேதாந்த் கத்தியும் கையுமாக பாத்ரூம் கதவை உதைத்துக்கொண்டிருந்தான். தாழ்ப்பாள் முக்கால்வாசி பெயர்ந்திருந்தது.

"போலீஸ்! கையத் தூக்குலே!"

வேதாந்த் திரும்பினான். ஆறு காக்கிகள்! முகம் வெளுத்தது. ஆனால் பார்வை மெல்ல... கீழே இறங்கியது.

"என்ன சார்... யார் கால்லயும் ஷூ இல்ல?"

விரதக்காரர்கள் செருப்பு போட மாட்டார்கள் என்பது ரங்கராஜுக்கு இப்போதுதான் உறைத்தது.

"கடக்கரை மணல்ல ஷூ போட்டுட்டு ஓடியாந்தா ஒன்னயப் புடிக்க முடியுமால?" உறுமினார் பேச்சிராஜா. "கத்தியக் கீழ போடு!"

கத்தி விழுந்தது!

"சார்... முத்தை விக்க மாட்டேன்னுட்டார் சார். கோவத்துல குத்திட்டேன்..."

குரல்களைக் கேட்டு மாதுரி கதவைத் திறந்தாள். பேச்சிராஜா விலங்கை எடுத்து மாட்டினார்.

டிக்!

பிளாஸ்டிக் விலங்கு இரண்டாக உடைந்தது.

வேதாந்த் கையைப் பார்த்தான். காக்கிகளைப் பார்த்தான். அடுத்த நொடி, கத்தி மறுபடி அவன் கையில். மாதுரியின் தலைமுடி அவன் பிடியில். கத்திமுனை அவள் கழுத்தில்!

"அத்தனை பேரும் டூப்பாடா?! ஒருத்தன் அசைஞ்சாலும் இவ காலி!"

ஆறு காக்கிகளும் பின்வாங்கினார்கள்.

விர்ர்ர்...

ஏதோ பறந்தது. மணிக்கட்டில் 'ணங்'கென்று மோதியது. கத்தி தெறித்தது! வேதாந்த் என்னவென்று பார்ப்பதற்குள் குப்புறக் கிடந்தான். முதுகில் ஒரு முழங்கால். முறுக்கிய கை அதன் கீழே.

பிச்சைக்காரர்!

"ஏலே பேச்சிராஜா, ஒன் இடுப்பு பெல்ட்டக் கழட்டிக் கொண்டா," என்றார் மாசானம் மூச்சுகூட வாங்காமல். கட்டி முடித்ததும் கந்தல் மடிப்பிலிருந்து ஓர் அட்டையை எடுத்து ரங்கராஜிடம் நீட்டினார்.

அடையாள அட்டை. குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர்!

"மகளுக்கு உடம்பு நல்லானா பிச்சையெடுத்து வாரேன்னு அம்மனுக்கு நேந்துருந்தேன் சார். லீவுல இருக்கேன்."

ஆறு காக்கிகளும் விறைத்து, அந்தக் கந்தல் வேட்டிக்கு சல்யூட் அடித்தார்கள்.

மாதுரி அழுதுகொண்டே ரங்கராஜின் தோளில் சாய்ந்தாள். இரண்டு நாள் எரிச்சலையும் அவன் ஒன்றாகக் கொட்டினான்.

"ஏன் சார், போலீஸ் போலீஸ்னு ரோட்டுல நாயா அலைஞ்சேனே! அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மாசானம் தான் வீசிய சட்டியை எடுத்து மணலைத் துடைத்தார்.

"சட்டியும் கையுமா நிக்கிற பிச்சைக்காரன், 'நாந்தான் இன்ஸ்பெக்டரு'ன்னு சொல்லியிருந்தா... நீங்க போலீஸத் தேடுதத விட்டுட்டு எனக்கு ஆம்புலன்ஸத் தேடியிருப்பிய சார்!"