புதன்கிழமை வராத புள்ளி

வியாழன் காலை 9.10. ஆராய்ச்சியாளர் பெரிய திரையைத் தொட்டார். நகரம் விரிந்தது; தெருத்தெருவாகப் புள்ளிகள் நடந்தன. ஒவ்வொரு புள்ளியும், தன் நடையைக் கைப்பேசியில் பதிவு செய்ய ஒத்துக்கொண்ட ஒரு மனிதர். பெயர் கிடையாது. நேரத்தைச் செவ்வாய் இரவு எட்டுக்கு இழுத்தவர், "ஐயோ!" என்று உட்கார்ந்துவிட்டார். இருட்டுச் சந்தின் முனையில் நிற்க வேண்டிய புள்ளியைக் காணோம்.

அவரே தனியாகக் குடியிருக்கும் சந்து அது. பதினோரு மணிக்கு நடக்கும் மாநகராட்சிக் கூட்டத்தில் தெருவிளக்கு கேட்க அந்தப் புள்ளியைத்தான் மலைபோல் நம்பியிருந்தார்.

சைபர் பிரிவு சப்-இன்ஸ்பெக்டர் அம்மா வந்ததும் முதல் கேள்வி: "நகல் இருக்கா?"

"இருக்கு மேடம். யாராவது திருட்டுத்தனமா அழிச்சிருந்தா திரும்பப் போடலாம். புள்ளிக்காரரே அழிச்சிருந்தா தொடக்கூடாது. அது நாங்க கொடுத்த வாக்கு."

"ஓட்டிக் காட்டுங்க."

"பாலத்துக்கு அந்தாண்டயிருந்து வருவார். பாலத்து மேல ரெண்டு தடவை நிப்பார். அப்புறம் சந்து முனையில அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம். பாவம், இருட்டுக்குப் பயந்து துணைக்கு ஆள் தேடறார். புதனும் ஞாயிறும் மட்டும் வரமாட்டார்."

"நேத்து இங்க யார் வந்தா?"

"பொதுமக்களுக்குத் திறந்து வச்சோம். புதன்கிழமை எனக்கு வீட்டுலயே வேலை, உதவியாளர்தான் இருந்தாங்க. விளக்குப் பிரிவு இன்ஜினியர் வந்து முணுமுணுத்துட்டுப் போனாராம்."

இன்ஜினியர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வந்தார்.

"விளக்கு வேண்டாம்னு சொன்னீங்களா?"

"கூட்டத்துலயே சத்தமா சொல்வேன் மேடம். புள்ளியை ஏன் அழிக்கணும்? திரையில அழிக்கிற பட்டனைத் தொட்டா, புள்ளிக்காரர் கைப்பேசிக்குப் போன ரகசிய எண்ணைக் கேக்குது. அதுக்கு நான் எங்க போவேன்?"

"அப்ப புள்ளிக்காரரேதான் அழிச்சிருக்கணும்," என்று அம்மா சிரித்தார். ஆராய்ச்சியாளர் பக்கம் திரும்பினார்.

"உங்க புள்ளி எங்கம்மா?"

"என்னோடது சும்மா சோதனைக்கு. மறைச்சு வச்சிருக்கேன்."

"எடுங்க. ரெண்டையும் சேர்த்து ஓட்டுங்க."

ஆராய்ச்சியாளரின் புள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கியது. முனையில் நின்ற புள்ளி அதைப் போகவிட்டது. பிறகு, கொஞ்சம் தள்ளியே, பின்னாலேயே நடந்தது. அவர் வீட்டுக் கதவு வரை வந்து, திரும்பிப் போனது.

"துணை தேடலம்மா, துணைக்கு வந்திருக்கார். நீங்க லேட்டானா அவரும் லேட். நீங்க வெளிய போகாத நாள் அவரும் வரல. இங்க வந்ததும் நீங்க இல்லாத புதனாப் பாத்துதான். பாலத்துக்கு அந்தாண்ட உங்களுக்கு யார் இருக்கா?"

ஆராய்ச்சியாளர் திரையில் பாலத்தைத் தொட்டார். "அப்பா. அவருக்கு முட்டி வலி. அவர் பாத்த மாப்பிள்ளையை வேண்டாம்னுட்டு வெளிய வந்தேன். ரெண்டு வருஷமா பேச்சில்ல."

"அழிச்சது அவர்தான். பேசுங்க."

ஆராய்ச்சியாளர் அப்பாவைக் கைப்பேசியில் அழைத்தார்.

"நான்தான்மா அழிச்சேன்," என்றார் அப்பா, கேட்பதற்கு முன்பே. "உன் ஆராய்ச்சியாச்சேன்னுதான் சேர்ந்தேன். திரையில அவ்வளவு பெருசா பாத்ததும் பயந்துட்டேன். வேவு பாக்கறேன்னு நினைச்சுக்குவியே."

"உங்க புள்ளியைக் கூட்டத்துல காட்டட்டுமாப்பா? காட்டினா சந்துக்கு லைட் வரும்."



"லைட் வந்துட்டா... நான் வர வேண்டாம், இல்லையாம்மா?"

மகளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வரணும்ப்பா. இருட்டுல நிக்காதீங்க, பஸ் ஸ்டாப்புக்கே வாங்க. சேர்ந்தே நடப்போம்."

"அப்ப காட்டிக்கோ," என்றார் அப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆனா சொன்ன நேரத்துக்கு வந்துடு. என் முட்டி தாங்காது."