பதில் சொல்லாத பெப்பே

ஒன்பதாம் நாள் பிரார்த்தனை முடிந்தது. வீட்டிலிருந்த கண்ணாடிகளை மூடியிருந்த வெள்ளைத் துணிகளை நெரெய்தா அத்தை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். சாவு விழுந்த வீட்டில் ஒன்பது நாளும் கண்ணாடி மூடியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகிற உயிர் வழி தெரியாமல் அதற்குள் மாட்டிக்கொள்ளும் என்பார்கள்.

கடைசியாக, அப்பாவின் கட்டிலுக்கு எதிரே இருந்த பெரிய கண்ணாடி. துணி விலகியதும் அதன் மூலையில் எழுத்துகள் ஒளிர்ந்தன. சனிக்கிழமை, காலை 10.20, வெயில் 33 டிகிரி.

"பெப்பே, விசிறி" என்றார் அப்பா.

கண்ணாடி பேசவில்லை.

"பெப்பே, விசிறியைப் போடு."

மூன்றாவது தடவையும் பதில் இல்லை. யுதெல்காவே போய் விசிறியைப் போட்டாள். அவளுக்குப் பதினொரு வயது.

அந்தக் கண்ணாடியைச் செய்தவன் அவளுடைய அண்ணன் எலியேசர். பழைய கணினித் திரை ஒன்று, அதன்மேல் ஒரு பக்கம் மட்டும் ஊடுருவித் தெரியும் கண்ணாடி, உள்ளங்கை அளவு கணினி, ஒரு மைக். மூன்று வருடங்களுக்கு முன் அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. குரல் மட்டும் மிஞ்சியது. "குரல் போதும் முதலாளி" என்று சொல்லிவிட்டு எலியேசர் பெப்பேயைச் செய்தான்.

அப்பா கூப்பிட்டால் பெப்பே விளக்கைப் போடும், விசிறியைப் போடும். மூச்சுத் திணறினால் பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கும். பதில் சொல்லும் குரல் எலியேசருடையது. அவனே பேசிப் பதிவு செய்திருந்தான்.

பதினோரு நாளைக்கு முன், மழையில், அவனுடைய மோட்டார் சைக்கிள்மீது லாரி மோதியது.

பிரார்த்தனையின் மூன்றாம் நாள் ஒரு சம்பவம் நடந்தது. முன்னறையில் எல்லோரும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா பழக்க தோஷத்தில், "பெப்பே, விசிறி" என்று சொல்லிவிட்டார். மூடிய துணிக்குள்ளிருந்து எலியேசரின் குரல் கேட்டது. "சொல்லுங்க முதலாளி. மறுபடியும் காத்தா? சரி, காத்து ஓசிதானே."

ஜெபம் நடத்த வந்த பருத்த அம்மாள் ஜெபமாலையைப் போட்டுவிட்டுத் தெருமுனைக் கடை வரைக்கும் ஓடினாள். அம்மா மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அதுதான் பெப்பே கடைசியாகப் பேசியது.

"திங்கட்கிழமை நான் வேலைக்குப் போயாகணும்" என்றாள் அம்மா. அவளுக்குத் துணி ஆலையில் தையல் வேலை. "இனியும் லீவு போட்டா என் மிஷின்ல வேற ஆளை உட்கார வெச்சிருவாங்க."

"நானும் நாளைக்கு ஊருக்குக் கிளம்பறேன்" என்றாள் அத்தை. "அப்ப என் அண்ணன்கூட யார் இருக்கறது?"

எல்லோரும் யுதெல்காவைப் பார்த்தார்கள்.

"அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போய்க்கலாம்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் பெப்பேயைச் சரி பண்ணிடறேன்மா."

"வேண்டாம். கெட்டுப்போனது கெட்டுப்போனதாவே கிடக்கட்டும்."

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். யுதெல்கா கண்ணாடியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே அண்ணன் ஒரு தாளை ஒட்டியிருந்தான்.

'பழுதானால் மூன்று கேள்வி. பேசுகிறதா? புரிந்துகொள்கிறதா? கேட்கிறதா? ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவாதே யுதெல்கா. உனக்குப் பொறுமை கிடையாது.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே மூக்கிலும் நீர் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒலியை நன்றாகக் குறைத்துக்கொண்டு, விசைப்பலகையைச் செருகி, 'விசிறியை நிறுத்து' என்று தட்டினாள்.

"நிறுத்தியாச்சு முதலாளி" என்றது எலியேசரின் குரல், முணுமுணுப்பாக.

விசிறி நின்றது. இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டது. பேசுகிறது. புரிந்துகொள்கிறது.

மிச்சம் ஒன்றுதான்.

கைப்பேசி பழுது பார்க்கும் வாஸ்கரைக் கூட்டி வந்தாள். அவன் கண்ணாடிக்கு எதிரே நின்று முதலில் தலையை வாரிக்கொண்டான்.

"மைக் செத்துப் போச்சு" என்றான். தலையை வாரி முடித்ததும் சொன்ன தீர்ப்பு அது.

"திறந்தே பார்க்கலியே அண்ணே?"

"டாக்டர் எல்லாரையும் அறுத்தா பார்க்கறாரு? புது மைக் தலைநகரத்துலேருந்து வரணும். மூணு வாரம்."

"திங்கட்கிழமைக்குள்ள வேணும்."

"அப்ப நீயே கண்ணாடிக்குள்ள புகுந்து பதில் சொல்லு." சொன்ன பிறகுதான் அது எந்த வீடு என்பது அவனுக்கு உறைத்தது. "மன்னிச்சிரு பாப்பா" என்று சீப்பைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நடந்தான்.

ஞாயிறு காலை அம்மா அத்தையைப் பேருந்து ஏற்றிவிட்டு, அப்படியே கல்லறைக்குப் போகப் புறப்பட்டாள். அவர்கள் போனதும் மின்சாரம் போயிற்று. கண்ணாடிக்குத் தனி பேட்டரி இருந்ததால் அது அணையவில்லை. திரையின் அடியில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டால் அந்தக் கோடு துள்ள வேண்டும். யுதெல்கா பேசினாள், பாடினாள், கரண்டியால் தட்டைத் தட்டினாள். கோடு படுத்தே கிடந்தது.

"போதும்மா, என் காதும் செத்துரும்" என்றார் அப்பா.

அப்போது மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்தால் அந்தத் தெருவில் யாரும் சும்மா இருப்பதில்லை. "வந்திருச்சு" என்று தெருவே ஒரே குரலாகக் கூவும். அன்றும் கூவியது. நாய்களும் சேர்ந்துகொண்டன. கண்ணாடிச் சட்டமே அதிர்ந்தது.

பச்சைக் கோடு அசைந்தது. ஓர் எறும்பு நிமிர்ந்த அளவுக்குத்தான். ஆனால் அசைந்தது.

செத்த மைக் எறும்பளவுகூட அசையாது. இது சாகவில்லை. எதுவோ அதன் காதை அடைத்திருக்கிறது.

யுதெல்கா தரையில் படுத்துக்கொண்டு, கண்ணாடிச் சட்டத்தின் அடியில் விளக்கு அடித்துப் பார்த்தாள். மைக்குக்காக அண்ணன் துளைத்த மூன்று சின்ன ஓட்டைகளைக் காணவில்லை. அந்த இடத்தில் வெள்ளை மெழுகு. பிரார்த்தனைக்காக முன்னறையில் வைத்திருந்த பலிபீடத்தில் எரிந்த மெழுகுவத்தியின் மெழுகு, விரலால் அழுத்தி அப்பியது.

விரல் ரேகை இல்லை. குட்டிக் குட்டிப் புள்ளிகள் வரிசையாகப் பதிந்திருந்தன.

அந்தப் புள்ளிகளை அவளுக்குத் தெரியும். தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க அம்மா விரலில் மாட்டிக்கொள்ளும் உலோகத் தொப்பியில் இருக்கும் புள்ளிகள்.

வெகுநேரம் அவள் தரையிலேயே கிடந்தாள்.

"பார்த்துட்டியா?" என்று கேட்டார் அப்பா.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"என் கண்ணுக்கு நேராதானே கண்ணாடி இருக்கு. நாலாம் நாள் எல்லாரும் கொல்லையில சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அவ மட்டும் வந்தா. அழுதுக்கிட்டே அடைச்சா. நான் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். நேத்து பெப்பேயைக் கூப்பிட்டதுகூட எதுவும் தெரியாத மாதிரி நடிச்சதுதான்."

"எனக்குப் பள்ளிக்கூடம் போயிடுமே அப்பா. உங்களுக்கு மூச்சு முட்டினா?"

"அதான் ரெண்டு நாளா யோசிக்கறேன். வாயைத் திறந்தா உங்கம்மா உடைஞ்சிருவா. திறக்கலேன்னா நீ. கையும் காலும்தான் வேலை செய்யலேன்னு நினைச்சேன், மூளையும் அப்படித்தான் போலிருக்கு."

யுதெல்கா எழுந்து திருப்புளியை எடுத்தாள். அம்மா வர மதியம் ஆகும்.

அடிச்சட்டத்தின் நான்கு திருகாணிகளைக் கழற்றினாள். மைக்கைத் தனியே எடுத்து வைத்தாள். மரச்சட்டத்தின்மீது முடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றைப் பாய்ச்சினாள். மெழுகு இளகியதும் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தாள். பழைய துணியால் துடைத்து எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினாள்.

பச்சைக் கோடு துள்ளியது. ஆனால் பெப்பேயைக் கூப்பிட அவள் அப்பாவை விடவில்லை.

"இருங்கப்பா. இன்னும் முடியலை."

கணினியில் அண்ணனின் குரல் பதிவுகள் மொத்தம் பதினான்கு. ஒன்றையும் அழிக்காமல் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகர்த்தி, அதற்கு 'எலியேசர்' என்று பெயர் வைத்தாள். பிறகு மைக்குக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்து, பதினான்கையும் தன் குரலில் பேசினாள். மூன்றாவதில் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பேசினாள்.

அம்மா மதியம் வந்தாள். செருப்பில் கல்லறை மண் ஒட்டியிருந்தது.

"பெப்பே, விளக்கு" என்றார் அப்பா.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இதோ போட்டாச்சுப்பா" என்றது கண்ணாடி, யுதெல்காவின் குரலில். "பகல்ல எதுக்கு விளக்கு?"

அம்மாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. கண்ணாடியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"என்ன பழுது இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"தூசிம்மா. ஓட்டையில தூசி அடைச்சிருந்துச்சு."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் குரல்?"

"பத்திரமா இருக்கு. கேட்டாத்தான் பேசும். தானா பேசாது."

அன்று மாலை யுதெல்காவின் பள்ளிச் சீருடையான நீலச் சட்டையும் காக்கிப் பாவாடையும் தேய்க்கப்பட்டுக் கதவில் தொங்கின.

திங்கட்கிழமை காலை யுதெல்கா தலை பின்னிக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பிய அம்மா சாப்பாட்டுப் பையோடு கண்ணாடிக்கு எதிரே நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு போடு" என்றாள்.

யுதெல்கா விசையைத் தட்டினாள்.

"சொல்லுங்க முதலாளி" என்றான் எலியேசர்.

அம்மா கண்களை மூடிக் கேட்டாள். பையின் வாரை இறுகப் பிடித்திருந்தாள்.

"போதும். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

யுதெல்கா கண்ணாடி மூலையில் மணி பார்த்தாள். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்மா."

அம்மா பையைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அப்பாவின் கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அப்ப இன்னொரு தடவை போடு."