சாஆ வீட்டில் இரண்டு பேர்

கைப்பேசித் திரையில் அம்மா ஹாலில் தனியாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். படத்தின் மூலையில் பெட்டி "2 பேர்" என்று காட்டியது.

எலைனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்தப் பெட்டி அவளுடைய வேலை. தனியாக வாழும் வயதானவர்களின் வீட்டில் கேமராவோடு மாட்டினால், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள், யாராவது விழுந்துவிட்டார்களா என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடும். அதற்குள் ஓடும் நிரலை எழுதியவள் அவள்தான். விற்பனைக்குப் போகுமுன் சோதித்துப் பார்க்கலாம் என்று, சாஆ என்ற சிற்றூரில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த அம்மா வீட்டில் ஹாலுக்கு ஒன்றும் வாசலுக்கு ஒன்றுமாகக் கேமரா மாட்டியிருந்தாள். அவள் இருக்கும் உலு திராமிலிருந்து அங்கே போய்ச் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். அப்பா போன பிறகு அம்மா சூசையம்மாளுக்குத் துணை என்று இருந்தது இந்தப் பெட்டிதான்.

"அம்மா, வீட்ல யாரும் வந்திருக்காங்களா?" என்று போன் போட்டுக் கேட்டாள்.

"யாருடி வரப்போறா? நான் ஒருத்திதான். உன் பெட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"சும்மா கேட்டேன்லா."

"ஃபேன அஞ்சுல வச்சாலும் ஒரே புழுக்கமா இருக்கு எலைனு. மூணு நாளா இப்படித்தான். கல்யாண மண்டபத்துல நடுவுல உக்காந்த மாதிரி."

மழை வரும் போலிருக்கிறது என்று எலைன் சமாதானம் சொல்லி வைத்துவிட்டாள். மூன்று நாளாகத்தான் பெட்டியும் தினம் இதே அந்தி நேரத்தில் தானாக அணைந்து அணைந்து எரிகிறது. மடிக்கணினியைத் திறந்து பெட்டியின் பதிவுகளை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். காதுக்குள் ஹாலின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது: மின்விசிறியின் கடகடப்பு, கத்தி தட்டில் படும் ஓசை, தூரத்தில் பழம் ஏற்றிப் போகும் லோரி, இவற்றுக்கெல்லாம் அடியில், பூசை தொடங்குமுன் நிறைந்த கோவிலில் எல்லாரும் பேசாமல் இருக்கும்போது கேட்குமே, அப்படி ஒரு கனத்த நிசப்தம்.

பதிவு சரியாகத்தான் இருந்தது. ஓர் ஆளைக் கண்டால் அவர் விவரத்தை எழுதிவைக்கப் பெட்டி தன் நினைவகத்தில் அறுபத்து நான்கு பைட் இடம் ஒதுக்கும். 128 ஒதுக்கியிருக்கிறது; திரையில் காட்டும் எண்ணிக்கையும் இதிலிருந்து வருவதுதான். அப்படியானால் இரண்டு பேர். ஆனால் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி, பக்கத்தில் இருந்த நேரம், தேதி, ஒலி எல்லாவற்றின் மேலும் ஏதோ எழுதப்பட்டிருந்தது. இரண்டு பேருக்கான இடத்தில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தால் இப்படி ஆகாது.

அப்போதுதான் கால்வின் நினைவுக்கு வந்தான். அவளுடைய நிரலைச் சரிபார்த்த சக ஊழியன். "ஆள் எண்ணிக்கைய அறுபத்து நாலால பெருக்கற இடத்துல ஒரு செக் வைங்க எலைன். அது அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம் வரைக்கும்தான் தாங்கும். தாண்டுனா பழைய லோரி மீட்டர் மாதிரி சைபர்லேர்ந்து ஆரம்பிச்சிரும். இடம் கொஞ்சூண்டுதான் கிடைக்கும், எழுதறது மொத்தமும் எழுதிடும்."

அவள் சிரித்திருந்தாள். "அட அலமாக், எந்த வீட்ல ஆயிரம் பேர் இருக்கப் போறாங்க?"

சோம்பலுக்கு ஒரு சாக்கு. இப்போது முகம் சிவந்தது. பெருக்குவதற்கு முன்னால் வகுத்துப் பார்க்கும் அந்த ஒரு வரியை எழுதினாள். உச்ச எண்ணை அறுபத்து நான்கால் வகு. எண்ணிக்கை அதைவிடப் பெரிதாக இருந்தால் இடம் கொடுக்காதே, என்ன கேட்டது என்று மட்டும் எழுதிவை. எழுதியதைச் சாஆவுக்கு அனுப்பினாள்.

பெட்டி அணைந்து எரிந்தது. பதிவில் புதிய வரி வந்தது.

"இடம் மறுக்கப்பட்டது. எண்ணிக்கை: 1026."

எலைன் கையில் கிடைத்த பில்லின் பின்புறத்தில் கணக்குப் போட்டாள். 1026ஐ 64ஆல் பெருக்கினால் 65,664. மீட்டர் 65,536ல் திரும்பிவிடும். மிச்சம் 128. இரண்டு பேர்.

கேமரா பழுது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். சுவரில் கறை இருக்கும், திரைச்சீலையில் பூப்போட்ட துணி, எதையோ முகம் என்று எண்ணுகிறது. வாசல் கேமராவைப் பார்த்தாள். அதே நிரல்தான். எண்ணிக்கை 0. சரியாகத்தானே இருக்கிறது?

அம்மா வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே கேமரா இல்லை.

ஹால்: 0.

சுவர் அப்படியே இருந்தது. திரைச்சீலையும் அப்படியே இருந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஹால்: 1026.

அம்மா எழுந்தால் எழுகிறார்கள். போனால் போகிறார்கள். உட்கார்ந்தால் சுற்றி நிற்கிறார்கள். படத்தில் அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். விசிறி சுழன்றது. வேறெதுவும் இல்லை. வேறெவரும் இல்லை.

எலைன் மறுபடி போன் போட்டாள்.

"அம்மா, உடனே கிளம்பி பக்கத்துல மலர் அக்கா வீட்டுக்குப் போங்க."

"இந்நேரத்துக்கு அவ வீட்ல எனக்கு என்னடி வேலை?"

"கேள்வி கேக்காதீங்கம்மா! கேஸ் லீக்குன்னு பெட்டி சொல்லுது. போங்க. போன வைக்காதீங்க."

புலம்பிக்கொண்டே சூசையம்மாள் கதவைத் திறந்தாள். நாற்காலி காலியானது. ஹால்: 0. எலைன் மூச்சை விட்டாள்.

வாசல்: 1026.

இருட்டத் தொடங்கிய வாசலில் அம்மா மட்டும். கையில் போன், காலில் ரப்பர் செருப்பு. கேட்டைத் திறந்தாள். படத்தைவிட்டு விலகினாள்.

வாசல்: 0.

"அம்மா, நில்லுங்க. திரும்பி..." திரும்பி எங்கே போகச் சொல்வது? போனில் அம்மாவின் மூச்சிரைப்பு. சரளைக்கல் நெரியும் சத்தம். நிறைய நெரிந்தது.

பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் ஓசை. மலரின் குரல், சந்தோஷமாக.

"அடடே, ஆன்ட்டி! இன்னிக்கு ஜெபமாலை எங்க வீட்லயா? அக்டோபர் மாசம் வீட்டுக்கு வீடு மாறி மாறி ஜெபம் பண்ண வருவீங்கன்னு எனக்கு ஞாபகமே இல்ல பாருங்க."

"இல்லம்மா, நான் மட்டும்தான்..."

"நல்லா தமாஷ் பண்றீங்க. ரோடு முனை வரைக்கும் ஆளுங்க நிக்கிறாங்க. சரி, பரவால்ல. வாங்க வாங்க. எல்லாரும் உள்ள வாங்க."

"அக்கா, கூப்பிடாதீங்க!" எலைன் கத்தினாள். "கூப்பிடாதீங்க அக்கா!"

யாருக்கும் கேட்கவில்லை. அம்மா செருப்பைக் கழற்றி விடும் சத்தம் கேட்டது. ஒரு சோடி.

அதன் பின்னால் இன்னொரு சோடி. இன்னொன்று. நிதானமாக, ஒருவர் பின் ஒருவராக, முறை தவறாமல். எலைன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டபடியே இருந்தாள். செருப்புகள் விழுந்துகொண்டே இருந்தன.