வேண்டாம் என்று ஒரு பெயர்

அந்த ஆவணி மாலையில், கே.ஜி.கண்டிகைக்கு அரை மைல் இருக்கும்போதே கரி பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் கட்டிய உருளையில் கரியை எரித்து அந்தப் புகையில்தான் வண்டி ஓட்டினார்கள். மழை வலுத்தால் அவ்வளவுதான்.

பிரயாணிகள் முணுமுணுத்தபடி இறங்கி நடந்தார்கள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவளும் நடந்தாள். பிள்ளை பெற்றிருக்கும் அக்கா மணியம்மைக்குத் துணையாக இருக்கத் திருத்தணியிலிருந்து போய்க்கொண்டிருந்தாள்.

"ஏங்க... இந்த மூட்டை உங்களுதா?"

திரும்பினாள். கண்டக்டர்! காக்கிச் சட்டை தொப்பலாக நனைந்திருக்க, அவளுடைய துணி மூட்டையை மட்டும் நனையாமல் அணைத்துக்கொண்டு ஓடிவந்திருந்தான். இமைகளில் மழை சொட்டியது. அந்தக் கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தன...

"ஆங்... என்னுதுதான்."

"நாளைக்கு வேற யாராச்சும் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? பேரைச் சொல்லுங்க."

அவள் தலை கவிழ்ந்தது. "வேண்டாம்."

"மழையில ஓடியாந்திருக்கேன், வேணாம்ன்றீங்களே!"

"அய்யோ... மூட்டை வேணுங்க."

"பின்னே பேரு?"

"வேண்டாம்..."

அவன் முகம் வாடிப்போயிற்று. "சொல்ல இஷ்டமில்லைன்னா வுடுங்க. நான் கெட்ட எண்ணத்துல கேக்கலை." மூட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஏனோ மனசு கேட்கவில்லை.

"ஏங்க! அதாங்க எம் பேரு. அஞ்சாவது பொண்ணாப் பொறந்தேன். இனிமே பொண்ணு வேண்டாம்னு சாமிக்குச் சொல்றாப்புல எங்க நைனா வெச்ச பேரு... வேண்டாம்."

கேட்டவர்கள் எல்லாரும் இதுவரை சிரித்துத்தான் இருக்கிறார்கள். அவன் சிரிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த கண்கள்கூட அமைதியாகிவிட்டன. அதற்காகவே அவன் அவள் மனசில் இடம் பிடித்துவிட்டான்.

அக்கா வீட்டில் இருந்த நாளெல்லாம், பஸ் கண்டிகையில் நிற்கும் நேரம் பார்த்து அவளுக்குத் தண்ணீர்க் குடம் காலியாகிவிடும். அவனும் ஜன்னல் வழியே குனிந்து, "கொழந்தை தூங்குதா?" என்று கேட்பான். "ஆங்" என்பாள். அந்த ஒரு சொல் போதும், மறுநாள் வரை...

ஐப்பசியில் அந்தக் கண்டக்டர் பரந்தாமன் தன் அம்மா குப்பம்மாளை அழைத்துக்கொண்டு திருத்தணிக்குப் பெண் கேட்டு வந்தான். ஒரே சாதி சனம்தான். அவள் அப்பா எல்லப்பனுக்குச் சந்தோஷம். தட்டு மாற்றப் போகும்போது குப்பம்மாள் இழுத்தாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. பேருதான்... வாசல்ல நின்னு வேண்டாம் வேண்டாம்னு கூப்புட்டா வீடு வெளங்குமா? மாத்திடணும்."

"நான் யோசிச்சே வெச்சிருக்கேன்," என்றான் பரந்தாமன் ஆசையாக. "பத்மா! நல்லா இருக்குதில்ல?"

அவளுக்கு நெஞ்சில் ஏதோ ஒடிந்தது. இவருமா...?

"எம் பேரு எனக்கு இருக்குதுங்க. அது ஆவாதவங்களுக்கு நானும் ஆவ மாட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெளியே குப்பம்மாள் கோபமாக எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. தட்டு மாறவில்லை.

கார்த்திகையில் அக்காவின் குழந்தைக்குப் பெயர் வைக்கக் குடும்பமே திருத்தணி மலையேறியது. மண்டபத் தூணோரம் பரந்தாமன் நின்றிருந்தான். அக்கா புருஷன் முனியன்தான் வரச் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லப்பன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "மணிக்கு இது மூணாவது பொட்டை. இதுக்கும் வேண்டாம்னே வெச்சிடலாம். நமக்கு அப்படி வெச்ச பின்னேதானே ஆம்பளைப் புள்ளையா சேட்டு பொறந்தான்?"

மணியம்மையின் கண்கள் நிறைந்தன. தங்கைதான் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பேரு என்னோட போவட்டும் நைனா."

"அவ்ளோ கசப்பா இருந்தா நீ மாத்திகினு இருக்கலாமே! வந்த மாப்பிளையை ஏன் தொரத்துனே?"

"அது வேற நைனா. அம்மா சாவறப்போ வேண்டாம், வேண்டாம்னு மொனகினாங்களே... பால் வேணாம்ன்றாங்கன்னு நீங்கல்லாம் டம்ளரை எடுத்துட்டீங்க. என்னைக் கூப்புடறாங்கன்னு எனக்குத்தான் தெரிஞ்சுது. கிட்டப் போனேன். என் கையைப் புடிச்சுகினு கண்ணை மூடிட்டாங்க. அவங்க கடைசியாச் சொன்னது எம் பேரு. அதை எப்படி வுடுவேன்? ஆனா ஒவ்வொரு தபா கூப்புடறப்பவும் உள்ள சுருக்குன்னு குத்தும் நைனா. இந்தப் புள்ளைக்கு அது வேணாம்."

எல்லப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"எனக்கு... ஆனந்தின்னு வெக்க ஆசை," என்றாள் மணியம்மை மெதுவாக.

எல்லப்பன் எழுந்து வந்தார். சின்ன மகளைப் பார்க்காமலே அவள் தலையில் ஒரு முறை கை வைத்தார். பிறகு குனிந்து, குழந்தையின் காதில், "ஆனந்தி" என்றார்.

படியிறங்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. அவள் பின்தங்கினாள். பரந்தாமன் பக்கத்தில் வந்து நின்றான்.

"உனக்கு நல்லது பண்றதா நெனைச்சேன். உன்னைக் கொறைச்சுட்டேன். தப்புதான்."

அவள் இன்னும் ஒரு படி இறங்கினாள்.

"போன வாரம் எங்கம்மாகிட்ட, உன் பேரு குப்பம்மா, அதை நீ மாத்திகினியா, அவளை மட்டும் ஏன் மாத்தச் சொல்றேன்னு கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ரெண்டு நாளு பேசவே இல்ல. அப்புறம், போய் அவளையே கேளுடான்னாங்க." அவள் பக்கம் திரும்பினான். "நீ இல்லாம எனக்கு எதுவும் ஓடலை... வேண்டாம்."

அம்மாவுக்குப் பிறகு அந்தப் பெயரை இத்தனை பதமாக யாரும் சொன்னதில்லை. அவள் கண்ணீரும் தூறலும் கலந்து வழிந்தன.

"கட்டிகினதுக்கு அப்புறம் புருஷன் பேரைச் சொல்லக் கூடாதில்ல?" என்றாள்.

"ஆங்... அப்படித்தான் சொல்வாங்க."

"அதுக்கு முன்னே ஒரே ஒரு தபா... சொல்லிக்கட்டுமா?"

அவன் தலையசைத்தான். அவள் நிமிர்ந்து, முதல் முறையாக அவன் கண்களை முழுதாகப் பார்த்தாள்.

"பரந்தாமன்..."

சொன்னவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.