உச்சாரின் கழுத்தில் ஒரு பூட்ஸ்

திங்கட்கிழமை காலை அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். அடுப்புக்கு வலப்பக்கம் அப்பா. ஜன்னலோரம் ஜூமாஷ் மாமா. கதவருகே, விரிப்பின் மேல், வேட்டைநாய் உச்சார். அதன் தலையை மடியில் வைத்திருந்தவள் பத்து வயது புருல்ச்சா.

வயிற்றுக் கட்டியை எடுத்துவிட்டு உச்சாருக்கு ஏழு தையல் போட்டிருந்தார் நகரத்து டாக்டர் ஸூரா.

"காயம் ஈரமாகக் கூடாது. நக்க விடாதே. அஞ்சாம் நாள் எனக்கு எழுது. காய்ஞ்சிருந்தா கோடை மேய்ச்சலுக்கு மலைக்குப் போறப்ப அதையும் கூட்டிட்டுப் போகலாம். இல்லேன்னா இந்தக் கோடைக்கு அது வீட்லதான்" என்று சொல்லியிருந்தார்.

இன்று மூன்றாம் நாள். காயம் சிவந்து ஈரமாக இருந்தது. கொஞ்சம் கண்ணசந்தால் போதும், உச்சார் நக்கத் தொடங்கிவிடும்.

"நக்கட்டும் விடு. நாய்க்கு நாக்குதான் மருந்து" என்றார் மாமா.

புருல்ச்சா குனிந்து முகர்ந்தாள். ஆட்டு வால்கொழுப்பு!

"மாமா, கொழுப்பு தடவினீங்களா?"

"கொஞ்சூண்டுதான். என் கையில வெட்டுப்பட்டப்ப அதான் ஆத்துச்சு."

"அப்ப நீங்க கையை நக்கினீங்களா?"

அப்பாவுக்குத் தேநீர் புரையேறியது.

"அதுக்குப் பிடிச்ச தீனியைப் புண்ணு மேலயே வெச்சா, பாவம், அது என்ன பண்ணும்?" என்றாள் புருல்ச்சா.

மாமா காதைச் சொறிந்தார்.

புருல்ச்சா கொதித்து ஆறிய நீரில் சுத்தமான துணியை நனைத்து, கொழுப்பை மெல்ல ஒற்றி எடுத்தாள். உச்சார் முனகியது. "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று பொய் சொல்லிக்கொண்டே முடித்தாள். ஈரம் போகும்வரை துடைத்தாள்.

ஆனால் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? கழுத்து வளையாமல் ஏதாவது வேண்டும். அறையைச் சுற்றிப் பார்த்தாள். வாசலில் மாமாவின் தடித்த கம்பளி பூட்ஸ்.

"மாமா…"

"வேணாம். குளிர்காலம் வரும்."

உச்சார் மாமாவைப் பார்த்தது. மாமா கூரையைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து, ஒரு பூட்ஸின் குழல் போன்ற மேல்பாகத்தைத் தானே வெட்டிக் கொடுத்தார். உச்சாரின் நீண்ட கழுத்துக்கு அது அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

ஐந்தாம் நாள், நகரத்துக்குப் போகும் பால் வண்டி வாசலில் நிற்க, புருல்ச்சா டாக்டருக்குக் கடிதம் எழுதி முடித்தாள்.

"கொழுப்பு விஷயம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் மாமா. பாசத்துல தடவினீங்கன்னும், பூட்ஸ் உங்களதுன்னும் எழுதினேன்."

"காயம்?"

"நல்லா காய்ஞ்சிருக்கு. மலைக்கு வரும்!"

மாமா மகிழ்ச்சியோடு உறையை வாங்கி, ஒட்டுவதற்காக அதன் ஓரத்தை நாக்கால் நீளமாக நக்கினார். பூட்ஸுக்குள்ளிருந்து உச்சார் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, கடிதம் வண்டி ஏறியது.