பிழை இல்லாத மெயில்

மோடத்தின் பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்து கிடந்தன. அப்படியிருந்தும் மெயில் வந்தது.

ஸ்ரீவித்யாவுக்கு அது உடனே உறைக்கவில்லை. கரண்ட் மத்தியானமே போய்விட்டிருந்தது. மடிக்கணினி மிச்சமிருந்த சார்ஜில் ஓடிக்கொண்டிருந்தது. சேலையூரின் அந்தத் தெரு முழுக்கக் கார்த்திகை மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்க, ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாடையும், காயாத துணிகளின் புளித்த வாடையும், கீழே தேங்கிய சாக்கடைத் தண்ணீரின் நாற்றமும் கலந்து கூடத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. சாப்பாட்டு மேஜையில் அவள் ஒரு சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கேம்ப் ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து ஆபீஸில் கம்ப்யூட்டர் பொறுப்பெல்லாம் அவளுடையது. பாதுகாப்பு எச்சரிக்கை என்ற பேரில் வைரஸைச் சுமந்துகொண்டு வரும் போலி மெயில்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு அவள்தான் எழுதி அனுப்புவாள்.

அந்த வேலையில் அவளை ஏமாற்ற முடியாது என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. "மேடம், உங்க கண்ணை எங்க வீட்டம்மாவுக்கு மட்டும் இரவல் குடுத்துடாதீங்க, நான் பிழைக்க முடியாது" என்று கணக்கு வாத்தியார் வேதசிரோமணி போன வாரம்கூடச் சொல்லிச் சிரித்தார்.

"இதுல கண்ணு என்ன சார் கண்ணு? போலின்னா எங்கயாவது ஒரு தப்பு இருந்தே தீரும். பொறுமையாப் பாக்கணும், அவ்வளவுதான்" என்றாள் அவள்.

இந்த மெயிலும் அந்த ஜாதிதான். அன்பான வாடிக்கையாளரே, உங்கள் கணிணிக்குள் வைரஸ் நுழைந்துள்ளது, உடனே கீழுள்ள இணைப்பை திறந்து பாதுகாத்துக் கொள்ளவும்.

வாய்விட்டுப் படித்துத் தப்பைச் சொல்லிக்கொண்டே போவது அவள் பழக்கம். "பேர் தெரியாதவனுக்கு நான் வாடிக்கையாளராக்கும். கணினிக்கு எந்த ஊர்ல மூணு சுழி 'ணி' போடறா? இணைப்பைத் திறந்துன்னு நடுவுல ஒரு 'த்' வரணும், அதையும் முழுங்கியாச்சு. அனுப்பின முகவரியில 'எல்' எழுத்துக்குப் பதிலா ஒண்ணுங்கற நம்பர்." அழித்தாள். அழித்த பிறகுதான் கண் மோடத்தின் பக்கம் போனது.

கரண்ட் போவதற்கு முன்பே வந்து இப்போது காட்டுகிறதோ என்னவோ. அப்படித்தான் இருக்கவேண்டும். செல்போனிலும் சிக்னல் இல்லை. கடைசியாக வந்தது மகள் ப்ரியாவின் செய்தி ஒன்றுதான்: பொத்தேரியில் காலேஜ் விட்டு ரயிலில் தாம்பரம் வந்து இறங்கிவிட்டாளாம், ஷேர் ஆட்டோ பார்க்கிறாளாம். அதற்கப்புறம் செல்போன் கோபுரமே விழுந்ததுபோல எல்லாம் நின்றுவிட்டது. கணவன் ஸ்ரீநிவாசன் ஆபீஸ் வேலையாக ஹைதராபாத்தில். கீழ்வீட்டுக்காரர்கள் தண்ணீர் புகுந்ததும் பூட்டிக்கொண்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எதிர்வீடு எப்போதுமே காலி.

பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். தெரு தெரியவில்லை, பழுப்புத் தண்ணீர்தான் தெரிந்தது. எதிர்ச் சுவரோரம் தண்ணீருக்குள் வாட்ச்மேன் சவுரிமுத்து லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"மேடம், கீழ எறங்கிடாதீங்க," என்று அங்கிருந்தே கத்தினார். "வூட்டுக்குத்தான் கரண்டு இல்ல, கம்பத்தாண்ட தண்ணில பாயுது. ஒரு நாயி துடிச்சு அங்கயே செத்துக் கீது. நான் போயி ஈ.பி.காரனை இட்டாறேன்."

"ப்ரியா வந்துண்டிருக்கா, சவுரிமுத்து. வழியில பாத்தா அங்கயே நிறுத்திடுங்கோ."

"பாப்பாவா? நான் பாத்துக்கறேன், நீங்க பேஜாராவாதீங்க." அவர் திருப்பத்தில் மறைந்தார். தண்ணீரில் அவர் கிளப்பிய அலை மட்டும் கொஞ்ச நேரம் சுவரில் வந்து தட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

உள்ளே மணிச்சத்தம். இன்னொரு மெயில்.

அன்புள்ள ஸ்ரீவித்யா அம்மா. உங்கள் கணினிக்குள் வைரஸ் நுழைந்துள்ளது. உடனே கீழுள்ள இணைப்பைத் திறந்து பாதுகாத்துக் கொள்ளவும்.

ரெண்டு சுழி 'னி'. விட்டுப்போன 'த்'. முகவரியில் 'எல்' எழுத்து அதன் இடத்தில் ஒழுங்காக நின்றது.

அவள் சொன்னதெல்லாம் திருத்தப்பட்டிருந்தது. அவள் சொன்னது மட்டும்.

ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறது. மைக் வழியாக யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள், அவ்வளவுதான், அதற்கென்று நிரல்கள் உண்டு, அவளே அதைப் பற்றி எழுதியிருக்கிறாள். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் கண்ணை மூட முடியவில்லை. எத்தனையோ வருஷப் பழக்கம், எழுத்தைக் கண்டால் தப்பைத் தேடித்தான் ஓடும். நிஜமான கம்பெனி எதுவும் அம்மா போடாது. இப்படி அவசரப்படுத்தாது. திறந்து பார் என்று எதையும் ஒட்டி அனுப்பவும் அனுப்பாது. இத்தனையும் மனசுக்குள்தான். மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

மணி.

ஸ்ரீவித்யா, அவசரம் ஒன்றும் இல்லை. இதில் இணைப்பு எதுவும் கிடையாது. நீங்கள் எதையும் திறக்க வேண்டாம். கதவைத் தவிர.

அவள் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரை இருண்டது. மூடியைச் சாத்தினாள், அதன்மேல் கனமான அகராதியைத் தூக்கி வைத்தாள், அப்புறம் தன் காரியத்தைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டாள். மழைக்காலத்துச் சாயங்காலம் கூடத்தின் மூலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. குழாயில் சொட்டு விழும் ஓசை, ஃபிரிட்ஜ் ஓடாததால் வீட்டுக்கே வந்துவிட்ட ஒரு செவிட்டுத்தனம், அதன் அடியில், வெகு அடியில், தண்ணீரை அளைந்துகொண்டு யாரோ நடக்கிற சத்தம்.

கேட் திறந்தது. மாடிப்படியில் ஈரச் செருப்பு. சளக். சளக். ப்ரியாவின் நடை இல்லை. ஒவ்வொரு படியிலும் நின்று, கால் வைக்கக் கற்றுக்கொண்டு ஏறுகிற நடை.

ஈரத்தில் வழுக்கும் என்று பயந்து ஏறுகிறாளோ குழந்தை?

வாசலில் நின்றது. தட்டியது.

"அம்மா, கதவைத் திறவுங்கள்."

ப்ரியாவின் குரல்தான். ஆனால் யார் இப்படிப் பேசுவார்கள்? புஸ்தகத்தில்தான் இப்படித் திறவுங்கள் என்று எழுதியிருக்கும்.

"அம்மா, கதவத் தெறங்க."

ஸ்ரீவித்யாவின் கை மேஜை விளிம்பைப் பற்றியது. பெற்ற பெண் அம்மாவுக்கு 'ங்க' போடுவாளா, ப்ரியா என்றைக்கு அவளுக்கு மரியாதை கொடுத்திருக்கிறாள், வாடி போடி என்று தோழியிடம் பேசுகிற மாதிரி அல்லவா...

"மா, கதவத் தொறயேன். குளிர்றதுமா."

அது ப்ரியா. அச்சாக ப்ரியா. முடிவில் இழுக்கிற அந்தச் சிணுங்கல்கூட. வெளியே நிஜமாகவே குழந்தை நனைந்துகொண்டு நின்றால்? திருப்பி அனுப்பினால் அவள் போவது அந்தத் தண்ணீருக்குள்தான், அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான்.

கதவருகில் போனாள். தாழ்ப்பாளைத் தொடவில்லை. "ப்ரியா, தண்ணில கரண்ட்டுன்னாரே, எப்படிடி வந்தே?"

கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சொட்டியது. இன்னொரு சொட்டு.

"ஈ.பி.காரா ஆஃப் பண்ணிட்டாம்மா. சவுரிமுத்துதான் கையைப் பிடிச்சுக் கூட்டிண்டு வந்து விட்டார்."

சரியான பதில். நடந்திருக்கக்கூடிய பதில். அதனாலேயே பயமாக இருந்தது. அவருக்குக் குரல் கொடுத்துப் பார்க்கலாமென்று பால்கனிப் பக்கம் திரும்பினாள். திறந்த கதவு வழியாக மழை மட்டும் தெரிந்தது.

கதவின் லென்ஸில் கண்ணை வைத்தாள்.

மாடிப்படிச் சன்னலின் சாம்பல் வெளிச்சத்தில் ப்ரியா நின்றுகொண்டிருந்தாள். காலையில் போட்டுக்கொண்டு போன மஞ்சள் குர்தா, தோளில் பை, நெற்றியில் ஒட்டிய முடி. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை. கண் கொட்டவும் இல்லை. வலது மூக்கில் மூக்குத்தி மினுங்கியது.

வலது.

நம் பக்கத்தில் எல்லாப் பெண்களும் குத்திக்கொள்கிற பக்கம். ப்ரியா மட்டும் பிடிவாதமாக இடப்பக்கம் குத்திக்கொண்டு வந்து, அதற்காக இந்த வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தது.

ஸ்ரீவித்யா வாயைத் திறக்கவில்லை. நினைத்தாள். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வெளியே ஒரு கை மெதுவாக மேலே வந்தது. மூக்குத்தியைப் பிடித்தது. திருகவில்லை. அப்படியே பிடுங்கியது. ரத்தம் வரவில்லை. இருந்த துளை மாவில் விரல் எடுத்த பள்ளம்போல மூடிக்கொண்டது. அதே கை இடப்பக்கம் போனது. அழுத்தியது.

"இப்ப சரியா இருக்காம்மா?"

கண்ணை எடுக்கவேண்டும். எடு. கழுத்து கேட்கவில்லை. நினைக்காதே. எதையும் நினைக்காதே. சுவர். மழை. வெறும் சுவர். ஆனால் அது அவள் பெற்ற முகம். தலைமுதல் கால்வரை அவளுக்கு மனப்பாடம்.

புருவத்துக்குக் கீழே அம்மைத் தழும்பு இல்லை.

ஐயோ.

விரல் புருவத்துக்குப் போனது. நகம்வரை உள்ளே இறங்கியது. வெளியே வந்தது. தழும்பு.

நினைக்காதே.

முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும்.

வாய்க்குள் கை போனது. எலும்பு நெரிகிற மெல்லிய ஓசை.

இடது காது மடல். கழுத்து மச்சம். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் விழுகிற குழி. ஒன்றன்பின் ஒன்றாக. நிறுத்த முடியவில்லை. கை ஓயவில்லை. கடைசியில் கை இறங்கித் தொங்கியது.

ஸ்ரீவித்யா தேடினாள். நெற்றி. கண். உதடு. மறுபடியும் நெற்றி.

ஒரு தப்பும் இல்லை.

வாசலில் அவள் மகள் நின்றுகொண்டிருந்தாள். சொட்டச் சொட்ட நனைந்து, குளிரில் நடுங்கி, ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழச் சிரித்துக்கொண்டு.