பதினொரு மணிக்கு சிக்னல் வேண்டும்!

“அம்மா...!”

அலறல் அவள் முழங்காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

கேரவன் வண்டியின் கூரைமேல் மண்டியிட்டு, ஆன்டெனா கம்பத்தின் நாலாவது ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

ஆண் குரல்! பாதியிலேயே அமுக்கப்பட்ட குரல்!

கம்பெனியில் அவளுக்கு ‘ஆன்டெனா அக்கா’ என்று பெயர். பன்னிரண்டு வருஷமாகக் கூரைகள்தான் பிழைப்பு. வீடு, ஆஸ்பத்திரி, படகு என்று எங்கெல்லாம் சிக்னல் சண்டித்தனம் செய்கிறதோ அங்கெல்லாம் ஏறி பூஸ்டர் மாட்டியிருக்கிறாள். கூரைக்குக் கீழே புருஷன் பெண்டாட்டி சண்டை கேட்டிருக்கிறாள். குழந்தை அழுகை கேட்டிருக்கிறாள்.

இது அந்த ரகம் இல்லை.

காலையில் வந்தபோது அந்தம்மா சிரித்துக்கொண்டே சொன்னாளே... “நானும் என் கொழுந்தனும் ரெண்டு பேர்தாம்மா. லீவுக்கு வந்தோம். பதினொரு மணிக்கு ஒரு முக்கியமான வீடியோ கால். இங்க பாரு, ஒரு புள்ளி சிக்னல்கூட இல்ல.”

ரெண்டு பேர்.

அந்தம்மா வண்டிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கொழுந்தன் உள்ளே. அலறியது கொழுந்தனா?

எட்டிப் பிடிக்கும் தூரத்தில் கூரை ஜன்னல். பிளாஸ்டிக் மூடி நாலு விரல் அளவுக்குத் தூக்கியிருந்தது.

‘பார்க்காதே’ என்றது புத்தி.

பார்த்தாள்.

கட்டில். அதில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள். கையிலும் காலிலும் நைலான் கயிறு. கொழுந்தன் அவர் வாயில் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தான்.

கட்டுண்டு கிடந்தவரின் கண்கள் மெல்ல மேலே ஏறின.

அவளைப் பார்த்தன.

அடுத்த விநாடி... அந்தக் கண்கள் போன திக்கில் கொழுந்தனும் நிமிர்ந்தான்!

அவள் பின்னால் சாய்ந்தாள். பாக்கெட்டிலிருந்து போனை உருவி போலீஸ் நம்பரை அழுத்தினாள்.

சிக்னல் ஒரு கோடு வந்தது. போனது.

மறுபடி அழுத்தினாள். போன் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் வெறும் ‘கொய்ங்’.

சிக்னல் இல்லாத இடத்துக்குத்தானே பூஸ்டர் மாட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சரக்... சரக்...

எட்டிப் பார்த்தாள்.

ஏணி நகர்ந்துகொண்டிருந்தது.

அவளுடைய ஏணி. கம்பெனி பெயர் எழுதிய அலுமினிய ஏணி. அந்தம்மா அதைப் புல்தரையில் படுக்க வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“பார்த்துட்டியாம்மா?”

“எ... எதை மேடம்?”

“பொய் சொல்ல வராத முகம் உனக்கு.”

ஆன்டெனா அக்கா சுற்றிலும் பார்த்தாள். ஒரு பக்கம் ஏரி. மூன்று பக்கம் மரங்கள், நடுவே ஒரு தண்ணீர்த்தொட்டி. சீசன் முடிந்து காலியான கேம்ப். வாட்ச்மேன் அறை கண்ணுக்கே தெரியவில்லை. கீழே தரை பத்தடி ஆழத்தில். குதித்தால் கால் போகும். கால் போன பிறகு எங்கே ஓடுவது?

“கத்தணும்னா கத்திக்கோ” என்றாள் அந்தம்மா, சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரலில். “ஏரி மட்டும்தான் கேட்கும். ஆனா நீ கத்தின உடனே உள்ள என் கொழுந்தன் அவர் கழுத்துல கத்திய வெச்சிடுவான். அவனுக்குக் கொஞ்சம் பதட்டம் ஜாஸ்தி.”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மேடம். விட்டுடுங்க, போயிடறேன்!”

“போகலாம். முதல்ல வேலைய முடி. மணி பத்து இருபது. பதினொன்னுக்கு எனக்கு சிக்னல் வேணும்!”

காலையில் புருஷன் சொன்னது நினைவுக்கு வந்தது. “ஆள் இல்லாத இடத்துக்குத் தனியா போகாதே. துணைக்கு யாரையாவது கூட்டிட்டுப் போ.” இவள் எரிந்து விழுந்துவிட்டு வந்தாள்.

ஆன்டெனாவை டவர் இருக்கும் பக்கம் திருப்பினாள். கேபிளைக் கூரைத் துளையில் விட்டு, மழைத் தண்ணீர் இறங்காதபடி பேஸ்ட்டைச் சுற்றிலும் அப்பினாள். உயிர் போகிற நேரத்திலும் கை தன் பாட்டுக்கு ஒழுங்காக வேலை செய்தது. அதை நினைத்தால் அழுகை வந்தது.

ஏணி திரும்ப வந்தது. இறங்கியதும் முதல் வேலையாக அவள் போன் அந்தம்மாவின் கைப்பைக்குள் போனது.

உள்ளே தள்ளி, கதவை ‘டக்’கென்று பூட்டினார்கள்.

குறுகலான வண்டி. நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடுகிற வீடு. ஜன்னல்களில் தடித்த திரை. மூச்சு முட்டியது.

கட்டிலிலிருந்தவரை நாற்காலிக்கு மாற்றியிருந்தான் கொழுந்தன். கால் கட்டு அப்படியே. கையை மட்டும் அவிழ்த்து, வாய்ப் பிளாஸ்திரியைப் பிய்த்து, மேலே இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிட்டிருந்தான். மேஜைக்கு மேலே பார்த்தால் மரியாதையான மனிதர். கீழே பார்த்தால் கைதி!

“இவர் யாரு மேடம்?” என்றாள் ஆன்டெனா அக்கா.

“லிஃப்ட் மெக்கானிக்” என்றாள் அந்தம்மா. “ஒரு கொலைக் கேஸ்ல சாட்சி. உடம்பு முடியல, வீடியோவுல சாட்சி சொல்றேன்னு மனு போட்டிருக்கார். கோர்ட்டும் சரின்னுடுச்சு.”

“நான் எங்க போட்டேன்...” என்று முனகினார் மெக்கானிக்.

கொழுந்தன் அவர் தோளை அழுத்தினான். “நாங்கதான் போட்டோம். கையெழுத்து மட்டும் உங்களுது.”

“அப்போ எதுக்கு இந்த சிக்னல் இல்லாத காட்டுல...?” என்றாள் ஆன்டெனா அக்கா.

“ஒளிஞ்சிருக்க நல்ல இடம்னு அண்ணிதான் சொன்னாங்க” என்றான் கொழுந்தன் கடுப்பாக. “மூணு நாள் கழிச்சுதான் வீடியோவுக்கு சிக்னல் வேணும்னே ஞாபகம் வந்துச்சு! ஊருக்குள்ள வண்டிய எடுத்தா எல்லா முனையிலயும் செக்கிங்.”

“நீ மாட்டின பூஸ்டர் மட்டும் வேலை செஞ்சிருந்தா இவளைக் கூப்பிடவே வேண்டியதில்ல தம்பி.”

“பொட்டில போட்டிருந்த மாதிரிதான் மாட்டினேன் அண்ணி! சிவப்பு லைட்டே எரிஞ்சுது!”

ஆன்டெனா அக்கா அந்த லட்சணத்தைப் பார்த்தாள். வெளியே கூரையில் இருக்க வேண்டிய ஆன்டெனாவையும் உள்ளே இருக்க வேண்டிய ஆன்டெனாவையும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தான். ஒன்று கத்துவதை இன்னொன்று வாங்கித் திருப்பிக் கத்த, பூஸ்டர் பயந்துபோய்த் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது.

அவள் உள் ஆன்டெனாவை வண்டியின் மறுகோடிக்கு மாற்றினாள். கூரைக் கேபிளை பூஸ்டர் பெட்டியில் முறுக்கினாள். ரவுட்டரைச் சொருகினாள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள்.

“அது எதுக்கு?” அந்தம்மாவின் கண்கள் சுருங்கின.

“சிக்னல் ஏறுதா இறங்குதான்னு இதுலதான் தெரியும் மேடம். கால் நடுவுல விழுந்துச்சுன்னா உடனே சரி பண்ணணும்ல?”

அந்தம்மா திரையை உற்றுப் பார்த்தாள். எண்களும் கட்டங்களும்தான் தெரிந்தன.

“சரி. ஏதாவது மெசேஜ் கிசேஜ் அடிச்சே... தெரியும்ல?”

பூஸ்டரில் பச்சை விளக்கு எரிந்தது.

சிக்னல் வந்துவிட்டது!

மணி பத்து ஐம்பத்தாறு. மேஜைமேல் டேப்லெட் நிமிர்த்தி வைக்கப்பட்டது. மெக்கானிக் அதன் எதிரில். ஆன்டெனா அக்கா கேமராவில் விழாதபடி பக்கவாட்டில், மடியில் லேப்டாப்போடு. அவள் விலாவில் ஏதோ சில்லென்று பட்டது.

கொழுந்தனின் கத்தி!

“இதுவும் நல்லதுக்குத்தான்” என்று மெக்கானிக்கின் காதில் சொன்னாள் அந்தம்மா. “மூணு நாளா என்ன மிரட்டியும் மசியல நீங்க. ‘என்னை என்ன வேணா பண்ணிக்கோ’ன்னீங்க. இப்ப உங்களை ஒன்னும் பண்ண மாட்டோம். ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா... இந்தப் பொண்ணு!”

மெக்கானிக்கின் முகம் சாம்பலாகிப் போனது. அவளைப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மூன்று நாளாக உடையாத மனிதனை உடைக்கிற சுத்தியல்... அவள்! அவள் மாட்டிய சிக்னலில், அவள் உயிரை வைத்து, ஒரு கொலைகாரன் வெளியே வரப்போகிறான்!

பதினொன்று.

திரையில் நீதிபதி தெரிந்தார். கண்ணாடி போட்ட, சலனமே இல்லாத முகம். பக்கத்தில் வக்கீல்கள்.

“உடம்பு எப்படி இருக்கு?”

“பரவாயில்லைங்க ஐயா.”

“சம்பவத்தன்னைக்கு மொட்டை மாடியில லிஃப்ட் ரூம்ல நீங்க வேலை பார்த்துட்டு இருந்தீங்க. அங்க என்ன பார்த்தீங்க? பயப்படாம சொல்லுங்க.”

மெக்கானிக் வாயைத் திறந்தார். மூடினார். கண்ணில் நீர் கோத்தது.

“நான்... அன்னைக்கு அங்க...”

கத்தியின் முனை ஆன்டெனா அக்காவின் சட்டையைத் துளைத்தது.

ஆன்டெனா அக்காவின் விரல் லேப்டாப்பில் ஒரு கட்டத்துக்குள் நுழைந்தது. ஒரு பூஜ்யத்தைத் தட்டியது.

நீதிபதியின் முகம் பாதிக் கொட்டாவி மாதிரி அப்படியே நின்றது!

“அடக் கடவுளே!” அவள் கையை உதறினாள். “சிக்னல் போச்சு மேடம்!”

“என்னது?!”

“பாருங்க, படம் அசையவே இல்ல. அவ்வளவுதான், போச்சு!”

அந்தம்மா டேப்லெட்டைத் தட்டினாள். நீதிபதி அசையவில்லை.

“சரி பண்ணுடி!”

“பண்றேன் மேடம், அஞ்சு நிமிஷம்! என் வேலையில குறை இல்ல. இந்த ஏரிக்கரை கேம்ப்ல பதினாலாம் நம்பர் இடம்னாலே இந்தத் தலைவலிதான்! கடைசி வரிசை, தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி! டவர் பிடிக்கவே பிடிக்காது!”

“ஏன் இப்படிக் கத்தறே?”

“விலாவுல கத்திய வெச்சா மெதுவாவா மேடம் பேச வரும்?”

கொழுந்தன் கர்சீப்பால் முகத்தைத் துடைத்தான். “அண்ணி, பயமா இருக்கு. இந்தாள் வாயத் திறக்கறப்போ மூஞ்சியே சரியில்ல. உண்மையச் சொல்லிடுவான் போல.”

“சொல்லட்டுமே! இந்தப் பொண்ணு கழுத்தை அறுத்து அவர் மடியிலயே போடு.” அந்தம்மா இப்போது சிரிக்கவில்லை. “ஏன்யா, நீ எதுக்கு அன்னைக்கு அந்த நேரத்துல லிஃப்டை ரிப்பேர் பண்ண வந்தே? என் வீட்டுக்காரர் பார்ட்னரைப் பிடிச்சுத் தள்ளினப்போ மாடியில ஈ காக்கா இல்லைன்னு நினைச்சோம். ஒரே ஒரு ஜோடிக் கண்ணு... உன்னோடது!”

“உங்க கண்ணும் இருந்துச்சேம்மா” என்றார் மெக்கானிக் மெதுவாக. “மொட்டை மாடிக் கதவை யாரும் வராதபடி தாழ் போட்டது நீங்கதானே?”

“ஆமா, நான்தான் போட்டேன்! அதனால என்ன இப்போ? அதைச் சொல்ல உனக்கு வாய் இருக்கா? அதுக்குத்தானே மூணு நாளா கட்டிப் போட்டிருக்கேன்!”

ஆன்டெனா அக்கா கேபிளைக் கழற்றுவதுபோல் கழற்றாமல், முறுக்குவதுபோல் முறுக்காமல் நேரத்தை ஓட்டினாள். நாலு நிமிஷம். ஏழு நிமிஷம். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. வண்டியின் சுவர்கள் கிட்ட நெருங்கி வருவதுபோலிருந்தது. இன்னும் எத்தனை நேரம்? யாராவது வருவார்களா? வராவிட்டால்?

பத்தாவது நிமிஷம்.

“தம்பி” என்றாள் அந்தம்மா திடீரென்று. “அந்த டேப்லெட் கேமரா பக்கத்துல ஏன் பச்சையா ஒரு லைட் எரியுது?”

ஆன்டெனா அக்கா கேபிளிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அது... சார்ஜ் லைட் மேடம்.”

அந்தம்மா சார்ஜர் வயரைப் பிடுங்கினாள்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

அந்தம்மாவின் தலை மெல்லத் திரும்பியது.

“கேமரா இன்னும் ஓடிட்டுத்தானே இருக்கு! என்னடி பண்ணே?”

“ஒ... ஒன்னும் பண்ணல மேடம்...”

“தம்பி! குத்துடா அவளை!”

கத்தி பின்னுக்குப் போனது, வேகமாக முன்னால் வருவதற்காக!

அதே கணம் மெக்கானிக் கட்டிய கால்களோடு நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு கொழுந்தன் முழங்காலில் விழுந்தார். மூன்று பேரும் உருண்டார்கள். கத்தி அவள் முழங்கையைக் கீறிவிட்டு மேஜைக்கு அடியில் தெறித்தது. உருண்டபடியே லேப்டாப்பை எட்டி, கட்டத்திலிருந்த பூஜ்யத்தை அழித்தாள்.

உறைந்திருந்த நீதிபதிக்கு உயிர் வந்தது!

“யாரும் அசையாதீங்க!” டேப்லெட் அதிர்ந்தது. “பத்து நிமிஷமா மொத்த கோர்ட்டும் உங்களைப் பார்த்துட்டு இருக்கு. நீங்க பேசினது அத்தனையும் பதிவாயிடுச்சு. போலீஸ் உங்க வாசல்ல நிக்குது!”

தடால்!

கதவு உடைந்தது. வெளிச்சமும் காற்றும் காக்கிச்சட்டைகளும் ஒன்றாக உள்ளே நுழைந்தன.

முழங்கையில் கட்டுப் போட்டு, புல்தரையில் உட்கார வைத்தார்கள். அவள் ஏரிக்காற்றை வாய் நிறையக் குடித்தாள். பக்கத்தில் மெக்கானிக், உடைந்த வாசல் வழியே வந்த பூஸ்டர் சிக்னலில், ஒரு போலீஸ்காரரின் போனில் மனைவியிடம் பேச முயன்று, பேச முடியாமல் அழுதுகொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். “படம்தான் நின்னு போச்சே, கோர்ட்டுக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?”

“நெட்டுல ரெண்டு பாதை சார். நமக்கு வர்றது ஒன்னு. நம்மகிட்டேர்ந்து போறது ஒன்னு. வர்ற பாதையோட வேகத்தை மட்டும் ரவுட்டர்ல பூஜ்யமாக்கி அடைச்சேன். அவங்க படம் நமக்கு வரல. நம்ம படமும் பேச்சும் அவங்களுக்குப் போயிட்டே இருந்துச்சு.”

விலங்கு மாட்டிய கையோடு ஜீப்பில் ஏறப் போன அந்தம்மா திரும்பினாள். கண்ணில் நெருப்பு.

“பாவி! சிக்னல் போச்சுன்னுதானேடி சொன்னே?!”

“ஆமா மேடம்” என்றாள் ஆன்டெனா அக்கா, ஏணியை மடக்கிக்கொண்டே. “போச்சு... நேரா கோர்ட்டுக்குப் போச்சு!”